ஓடுகிற தொழிற்சாலைக்குள் கேமராவோடு

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். குன்னூர் பக்கம் ஏறத்தாழ நூறு ஆண்டுப் பழமையான, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு நாள் புகைப்படப் பட்டறை நடக்கப்போகிறதாம். பணம் கட்டிப் போகலாமா, என்ன எடுத்துச் செல்ல வேண்டும், எப்படித் தயாராக வேண்டும் என்பது கேள்வி. அவர் கோயில் திருவிழாக்களையும் கல்யாண வீடுகளையும் நன்றாகப் படம் எடுக்கிறவர். ஆலைக்குள் கேமராவோடு நுழைந்த அனுபவம் மட்டும் இல்லை.

தாராளமாகப் போங்கள். கைவிடப்பட்ட ஆலைகளில் படம் எடுப்பது வேறு. அங்கே துருவும் உடைந்த கண்ணாடியும் காத்துக்கொண்டிருக்கும், எப்போது போனாலும் எடுக்கலாம். ஓடுகிற ஆலை உங்களுக்காக நிற்காது. நேற்று பறித்த கொழுந்து இன்று மதியத்துக்குள் டீத்தூளாகிவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் இருப்பார்கள். அந்த அவசரத்தின் ஒழுங்கு புரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். அது புரியாமல் போகிறவர்கள் பல்சக்கரத்தையும் ஜன்னல் வெளிச்சத்தையும் நூறு படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த ஆலை தேயிலை செய்கிறதா, மாவு அரைக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆகவே கேமராப் பையைத் தயார் செய்வதற்கு முன் தேயிலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் பதிலில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

தோட்டத்தில் பறித்த கொழுந்து மதியத்திலிருந்து மாலை வரை மூட்டை மூட்டையாக வந்து எடைபோடப்படும். பிறகு அதை வாட்டும் தளத்துக்கு ஏற்றி, நீளமான தொட்டிகளில் கம்பிவலைமேல் பரப்பி, அடியிலிருந்து விசிறி வைத்துக் காற்று ஊதுவார்கள். இப்படி 12 மணி நேரம் முதல் 18 மணி நேரம் வரை கொழுந்து வாடும். வாடியதும் உருட்டல், அடுத்து நிறம் மாறும் வரை பரப்பிவைத்தல், அடுத்து டிரையரில் சூடான காற்றால் உலர்த்தல், கடைசியில் சலித்துத் தரம் பிரித்தல். 100 கிலோ கொழுந்து இத்தனையையும் கடந்து வெளியே வரும்போது 22, 23 கிலோ டீத்தூளாகியிருக்கும். மீதியெல்லாம் தண்ணீர், ஆவியாகப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கைப் படம் எடுப்பவரின் கண்ணால் பாருங்கள். மாலையில் வந்த கொழுந்து இரவெல்லாம் வாடினால் உருட்டும் வேலை விடியலுக்கு முன்போ விடிந்த உடனேயோ தொடங்கிவிடும். நான் முதன்முதலில் போன பட்டறையில் நிகழ்ச்சிநிரல்படி காலை 10 மணிக்கு அறிமுக உரை, 11 மணிக்கு ஆலைக்குள் நுழைவு. நாங்கள் உள்ளே போனபோது ரோலர்கள் நின்றிருந்தன. இரண்டு பேர் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று தேயிலை செய்யும் வேலையில் எனக்குக் கிடைத்தது ஈரத் தரையில் விழுந்த ஜன்னலின் நிழல் மட்டும். ஏற்பாட்டாளர்மீது கோபம் வந்தது. ஆனால் நானும் கேட்டிருக்க வேண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த இரண்டு நாளும் ரோலர் எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிக்கும்?" பதில் சொல்லத் தெரிந்தவர் ஆலையோடு பேசியிருக்கிறார் என்று பொருள். "நாள் முழுக்க ஓடும்" என்று பொதுவாகச் சொன்னால் ஆலையில் டீ மேக்கர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் விசாரித்துச் சொல்லும்படி கேளுங்கள். தேயிலையின் தரம் முழுக்க அவர் பொறுப்பு. அவர் சொல்லும் நேரம்தான் நேரம்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லாத தோட்டத்தில் திங்கட்கிழமை உருட்டுவதற்கு இலை இருக்காது. சனி, ஞாயிறு பட்டறை என்றால் சனிக்கிழமை பறித்த இலை ஞாயிறு காலையில் ஓடும், பயமில்லை. ஞாயிறு, திங்கள் என்று வைத்திருந்தால் இரண்டாம் நாள் வெறும் கட்டடத்தைத்தான் பார்க்க நேரும். பருவமும் பாருங்கள். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அந்த மாதங்களில் வரத்து குறைந்து, பல ஆலைகள் விட்டுவிட்டுத்தான் ஓடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அது இலையை ரோலரில் உருட்டும் பழைய முறையான ஆர்த்தடாக்ஸ் ஆலையா, சிடிசி ஆலையா? நீலகிரி ஆலைகளில் பெரும்பாலானவை சிடிசி. நொறுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று செயல்களுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் 1930 வாக்கில் அஸ்ஸாமில் உருவாக்கிய முறை இது. பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் ஒன்றையொன்று உரசினாற்போல எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று, மற்றது 700 சுற்று. நம் வீட்டிலும் டீக்கடையிலும் போடும் தேயிலையின் குருணை வடிவம் இப்படித்தான் வருகிறது. படம் எடுப்பவருக்கு இது கொஞ்சம் கடினமான எந்திரம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை 700 சுற்று சுழன்றால் அதன் மேற்பரப்பு நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டர் வைத்தாலும் அதற்குள் 7 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பற்கள் கலங்கி, வழவழப்பான குழாய்போலத்தான் படத்தில் தெரியும். போதாக்குறைக்கு மேலே மூடி வேறு. பற்களைக் காட்ட வேண்டுமானால் தீட்டுவதற்காகக் கழற்றி வைத்த உருளை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சிடிசி ஆலையில் உருளைப் பற்களை அடிக்கடி கூர்தீட்டியாக வேண்டும், அதனால் ஒரு மூலையில் மாற்று உருளை கட்டாயம் கிடக்கும். ஓடுகிற எந்திரத்தில் எடுக்க வேண்டியது, உருளைக்கு அடியிலிருந்து பச்சைக் கூழாக உதிர்ந்து பட்டையில் விழும் இலையை.

ஆர்த்தடாக்ஸ் என்றால் கொண்டாட்டம்தான். பழைய ஆலையின் உயிரே அந்த ரோலரில் இருக்கிறது. வட்டமான மேடை, அதன்மேல் பிறை பிறையாகப் பதித்த பித்தளைப் பட்டைகள், மேலே இலை நிரப்பிய பெரிய உருளைப் பெட்டி. பெட்டி மேடைமேல் வட்டமிட்டுச் சுற்றும்போது, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இலையை வைத்துத் தேய்ப்பதுபோல எந்திரம் தேய்க்கிறது. வில்லியம் ஜாக்சன் 1870களில் செய்துகொடுத்த ஏற்பாட்டின் வழிவந்தது. இத்தனை காலமாகியும் அடிப்படை மாறவில்லை. நிமிடத்துக்கு 40 முதல் 45 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றேகாலுக்குச் சற்று மேல் முதல் ஒன்றரை நொடி வரை. ஆகவே கால் நொடி ஷட்டர் கொடுத்தால் பெட்டி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வட்டம் நகர்ந்திருக்கும்; அசைவு மென்மையாகப் பதியும், ஆனால் அது பெட்டி என்று அடையாளம் தெரியும். ஒரு நொடிக்குப் போனால் புகைமூட்டம்தான். 125இல் ஒரு நொடியில் எந்திரம் நின்றுபோனதுபோல் இருக்கும். அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அது ஓடியது என்பதே தெரியாது. நான் எப்போதும் எட்டில் ஒரு நொடியில் தொடங்கி, ரோலர்காரர் அசையாமல் நின்று இலையைப் பார்க்கும் கணத்துக்காகக் காத்திருப்பேன். அவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்து அமுக்கிப் பார்ப்பார். அமுக்கிய இலை பந்துபோல நிற்கிறதா, உதிர்கிறதா என்று பார்க்கிற பார்வை அது. அப்போது உடம்பு முழுக்க நிலைத்திருக்கும், எந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கையில் பிடித்த கேமரா எட்டில் ஒரு நொடிக்கு ஆடும் என்றால் தூணில் சாய்ந்துகொள்ளுங்கள்.

முக்காலி வைப்பதில் எச்சரிக்கை தேவை. பழைய ஆலைகளின் மேல்தளங்கள் பெரும்பாலும் மரப்பலகை. கீழே எந்திரம் ஓடினால் பலகை அதிரும், முக்காலியும் கூடவே அதிரும். கையில் பிடித்து எடுத்த படத்தைவிட மோசமாக வரும். மேல்தளத்தில் முக்காலியைத் தூணின் அடியிலோ சுவர் ஓரத்திலோ வையுங்கள்; நடுப்பலகையில் வேண்டாம். பாதை குறுகலான இடத்தில் முக்காலியே வேண்டாம், கூடை சுமந்து வருகிறவர் தடுக்கி விழுவார்.

ரோலருக்கு அடுத்த கட்டம்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. உருட்டி நசுங்கிய இலையை ஈரமான, குளுமையான அறையில் மெல்லியதாகப் பரப்பிவைப்பார்கள். நொதித்தல் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் இலையின் சாறு காற்றோடு கலந்து நடக்கிற ஆக்சிஜனேற்றம் அது. ஆப்பிளை வெட்டி வைத்தால் பழுப்பேறுகிறதே, அதே செயல். பச்சையாக உள்ளே வந்த இலை மெல்ல மஞ்சள் பாய்ந்து, பிறகு புதுச் செம்புக்குடத்தின் நிறத்துக்கு வரும். வாசனையும் மாறும். முதலில் அறுத்த புல்லின் வாசம், பிறகு பழுத்த பழத்தின் வாசம். எந்தக் கணத்தில் இலையை அள்ளி டிரையருக்கு அனுப்புவது என்று டீ மேக்கர் நிறத்தையும் வாசனையையும் வைத்து முடிவு செய்வார். கொஞ்சம் முந்தினால் தேநீரில் பச்சை வாடை, பிந்தினால் சாரமில்லாத மந்தம்.

இங்கேதான் கேமரா உங்களை ஏமாற்றும். விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டிருந்தால், பச்சை அதிகமாக இருக்கும்போது அதைக் குறைக்கும், செம்பு அதிகமாக இருக்கும்போது அதையும் குறைக்கும். இரண்டு மணி நேரத்தில் நடந்த மாற்றம் படத்தில் வெறும் பழுப்பாகிவிடும். அறைக்குள் போனதும் ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் அட்டையையோ அந்த விளக்கின் கீழ் வைத்து அளந்து, அந்த அளவைப் பூட்டிவிடுங்கள். கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுங்கள். பிறகு ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், கால் மணிக்கு ஒரு படம். எட்டு, ஒன்பது படங்கள் சேர்ந்தால் ஒரு தேயிலையின் கதை முழுக்க அதில் இருக்கும். மற்றவர்கள் எந்திரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை இங்கே திரும்பி வருவது சலிப்பாகத்தான் இருக்கும். பட்டறையில் வேறு எது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்த வரிசையை எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அந்த அறையில் காற்றில் ஈரம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். டிரையர் இருக்கும் பகுதி வெக்கை. குன்னூரின் காலைக் குளிரில் ஜில்லிட்ட கேமராவை நேராக உள்ளே கொண்டுபோனால் லென்ஸ் உடனே பனிமூடிவிடும், துடைக்கத் துடைக்க மூடும். கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடி, உள்ளே கொண்டுபோய் இருபது நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். ஈரம் உறையின் வெளிப்பக்கம் படியும், கேமரா தப்பிக்கும். அந்த இருபது நிமிடம் வீண் என்று நினைக்காதீர்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

டிரையருக்குச் சூடான காற்று கொடுக்கும் அடுப்பு பெரும்பாலும் கட்டடத்தின் பின்புறம், விறகு அடுக்கிய கொட்டகையை ஒட்டி இருக்கும். பட்டறைக் குழு அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. நீங்கள் போங்கள், அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். அடுப்புக் கதவு திறப்பது விறகு தள்ளும் சில நொடிகள்தான். இருட்டில் நிற்கும் மனிதரின் முகத்தில் அப்போது மட்டும் வெளிச்சம் விழும். தீயின் வெளிச்சத்துக்கு அளவு வைத்து எடுங்கள், முகம் கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை. தீ வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் அதை மீட்கவே முடியாது. அளவைக் கதவு மூடியிருக்கும்போது தீர்மானிக்க முடியாது. முதல் தடவை திறக்கும்போது படம் எடுக்காமல் அளவு மட்டும் பாருங்கள், இரண்டாம் தடவை எடுங்கள்.

வாட்டும் தளம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அங்கே வெளிச்சமே வேலையைச் செய்துவிடும். விசிறி வருவதற்கு முன் கட்டிய ஆலைகளில் காற்றோட்டத்துக்காகவே மாடிச் சுவர் முழுக்க ஜன்னல்களாக வைத்தார்கள். காலையில் சாய்வாக வரும் வெயில் தொட்டிகளின் பசுமையைத் தடவிக்கொண்டு போகும். ஏழு மணிக்கு முன் அங்கே இருங்கள். அவ்வளவுதான்.

டிரையரைத் தாண்டினால் சலிப்பறை. பெரும்பாலும் பெண்கள் வேலை செய்யும் இடம். இங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். காய்ந்த தேயிலையிலிருந்து பஞ்சுபோன்ற நுண்தூசி பறந்துகொண்டே இருக்கும், சென்சாரில் ஒட்டினால் நீங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. வெளியிலேயே ஒரு லென்ஸை முடிவு செய்துகொண்டு உள்ளே போங்கள். 35 மில்லிமீட்டர் போதும், இருக்கிற 24-70 ஆனாலும் சரி. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். தூசித் துகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாக மின்னும் என்பது சின்னக் காரணம். சுழலும் எந்திரத்தின் அருகே கை வைத்திருப்பவர் கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் என்ன ஆகும் என்பது பெரிய காரணம். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்தால் அதுதான் காரணம். 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைத்தால் சரியாகிவிடும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. துப்பட்டா, தொங்கும் சால்வை, கழுத்தில் ஊசலாடும் கேமரா வார் எதுவும் கூடாது. வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் எந்திரத்தை அணுகிப் பழுது பார்க்கிறவர் இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. எத்தனை விபத்துகளுக்குப் பிறகு அந்த வரி எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய ஆலைகளில் ஒரே எந்திரத்திலிருந்து கூரையோரமாக ஓடும் நீண்ட தண்டு வழியாகவும் தோல் பட்டைகள் வழியாகவும் எல்லா ரோலருக்கும் விசை போகும். சில இடங்களில் அந்தத் தண்டு இன்னும் சுற்றுகிறது. கேமராவின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே பின்னால் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகருங்கள். செய்வது உணவுப்பொருள் என்பதால் தலைக்கு உறையும் காலுக்கு உறையும் கொடுப்பார்கள், முகம் சுளிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

சில பட்டறைகளில் பழகிப்போன ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சக் கீற்று அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு தொழிலாளியை அழைத்து, கூடையிலிருந்து டீத்தூளை மேலே வாரி இறைக்கச் சொல்வார்கள். பதினைந்து பேர் அரைவட்டமாக நின்று படபடவென்று எடுப்பார்கள். "இன்னொரு தடவை, கொஞ்சம் சிரித்துக்கொண்டு" என்பார்கள். எந்த ஆலையிலும் எவரும் தேயிலையை வாரி இறைப்பதில்லை. அது பலருடைய உழைப்பு, யாரோ குடிக்கப்போகும் பொருள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவரை, செய்யாத வேலையைச் செய்வதுபோல நடிக்கவைத்து எடுத்த படம் எத்தனை பரிசு வாங்கினாலும் பொய்யான படம். அப்படி ஒரு ஏற்பாடு நடந்தால் நீங்கள் மரியாதையாக விலகி, அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அங்கே உண்மையான வேலை நடந்துகொண்டிருக்கும், அதை எடுக்க ஆளிருக்காது. குழுவில் எட்டு, பத்துப் பேருக்கு மேல் சேர்க்கும் பட்டறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு மேல் போனால் ஒருவர் படத்தில் இன்னொருவர் முதுகுதான் இருக்கும், தொழிலாளர்களுக்கும் மூச்சுமுட்டும்.

அனுமதியைப் பற்றிச் சொல்கிறேன். "எல்லோரையும் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று மேலாளர் சொல்வார். அவர் கொடுத்தது கட்டடத்துக்குள் வர அனுமதி. ஒருவரின் முகத்துக்கு அவரேதான் அனுமதி கொடுக்க முடியும். முதலாளி நிற்கும்போது தொழிலாளியால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பதை மறக்காதீர்கள். மேலாளர் நகர்ந்த பிறகு தனியாகப் போய், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். இரைச்சலில் காதில் விழாது, கேமராவைக் காட்டிக் கண்ணால் கேட்டாலும் போதும். தலையசைப்பு வந்தால் எடுங்கள். முகம் திரும்பினால் நன்றி சொல்லி நகருங்கள்.

பேசுங்கள். நீலகிரியிலும் கூடலூர் பக்கமும் தேயிலையில் வேலை செய்யும் குடும்பங்களில் பல, 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பிவைக்கப்பட்டவர்களின் வழிவந்தவை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று டான்டீ என்று அறியப்படுகிறது. சலிப்பறையில் நிற்கும் ஒரு அக்காவின் பாட்டி ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கொழுந்து பறித்திருக்கலாம். ஆலையை "ஸ்டோர்" என்று அவர் சொன்னால் அது மலையகத்துச் சொல். இந்தக் கதைகளெல்லாம் படத்தில் நேராகத் தெரியாது. ஆனால் கேட்ட பிறகு நீங்கள் எடுக்கும் படம் மாறும். நிற்கும் தூரம் மாறும்.

இரண்டாம் முறை போனபோது சலிப்பறையில் ஒருவரிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும். புருவத்திலும் தலைத்துணியிலும் பழுப்புத் தூசி அப்பியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அது எனக்குப் பேரழகாகத் தெரிந்தது. அவர், "இப்போது வேண்டாம் தம்பி. ஷிப்ட் முடியட்டும், முகம் கழுவிக்கொண்டு வருகிறேன்" என்றார். உள்ளுக்குள் ஏமாற்றம்தான். மாலை நான்கரைக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, தலை சீவி, பச்சைச் சேலையில் வாசலில் வந்து நின்றார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. பின்னால் ஆலையின் தகரச் சுவர். எடுத்தேன். தூசி முகத்தைக் கேட்டு வாங்கி எடுத்திருந்தால் அது என் படமாக இருந்திருக்கும். இது அவர் படம். அந்த இரண்டு நாளில் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் இதைத்தான் இன்றும் சுவரில் வைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படம் எடுத்த லூயிஸ் ஹைன், சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே குறிப்பு எழுதிக்கொள்வாராம். குழந்தையின் உயரத்தைத் தன் மேலாடைப் பொத்தான்களை வைத்து அளந்து, வயதைக் கேட்டு எழுதினார். அந்தக் குறிப்புகள் இல்லாமல் அந்தப் படங்களுக்கு அத்தனை வலு வந்திருக்காது. நீங்கள் எழுத வேண்டியது எளிது: நேரம், எந்த எந்திரம், யார், என்ன செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து மறுவாரம் பார்த்தால் ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் வித்தியாசமே நினைவிருக்காது.

எந்திரங்களின் வார்ப்பிரும்புப் பெயர்ப்பலகைகளையும் விட்டுவிடாதீர்கள். பழைய டிரையரில் "சிரோக்கோ" என்று எழுத்துப் புடைத்திருந்தால் அது பெல்ஃபாஸ்ட்டில் சாமுவேல் டேவிட்சன் தொடங்கிய தொழிற்சாலையில் வார்த்தது. ரோலரில் "மார்ஷல், கெயின்ஸ்பரோ" என்று இருந்தால் ஜாக்சன் காப்புரிமையில் இங்கிலாந்தில் செய்து கப்பலேற்றியது. நேர் எதிரே நின்று, பக்கவாட்டு வெளிச்சத்தில், எழுத்து முழுக்கத் தெரியும்படி எடுத்து வையுங்கள். கலை ஒன்றும் இல்லை அதில். ஆனால் பழைய இரும்புக்கு எடைக்கு விலை கிடைக்கும் நாளில் முதலில் போவது இந்த எந்திரங்கள்தான், அப்போது உங்கள் படம் மட்டும் மிஞ்சும்.

பட்டறைக்கு முன் ஒரு நாள் அவகாசம் இருந்தால் தொட்டபெட்டாவிலோ மூணாறு நல்லதண்ணியிலோ இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தைக் கேமரா இல்லாமல் சுற்றிப் பாருங்கள். இலங்கைப் பக்கம் போகிறவர்களுக்குக் கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஆலையே அருங்காட்சியகமாக நிற்கிறது. எந்திரங்களின் பெயரும் வரிசையும் மனத்தில் பதிந்துவிட்டால் ஓடுகிற ஆலைக்குள் பதற்றம் இருக்காது.

வந்த பிறகு படங்களை அச்சிட்டு ஆலைக்கு அனுப்புங்கள். செல்பேசியில் அனுப்புவது போதாது, கையில் பிடித்துப் பார்க்கும்படி அச்சிட்டு அனுப்புங்கள். முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் அப்படிப் போனபோது அந்தச் செம்புநிற வரிசையை டீ மேக்கரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவது படத்தில் நின்று, "இதில் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஏழாவது வரை விட்டுவிட்டேன்" என்றார். அந்த ஒரு படத்தை மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பின்பக்கம் எடுத்த நேரத்தை எழுதித் தரச் சொன்னார். நோட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்தேன்: காலை 8.40.